இருபத்தைந்தாவது வரி

மதிப்பீட்டுத் தாளில் இருபத்துநான்கு கட்டங்கள்.
குரல் கேட்டதா,
எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிந்ததா,
மணி அடிக்குமுன் பாடம் முடிந்ததா.
ஆறாம் வகுப்பின் மூலையில்
முழங்கால் மோவாயை இடிக்கும் நாற்காலியில்
டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.
சன்னலுக்கு அப்பால் சுப்பீரியர் ஏரி
ஏப்ரலிலும் பாதி உறைந்து கிடந்தது.

பாடம் எடுத்தவள் மார்னி கொஸ்கெலா,
கல்லூரியில் என் மாணவி.
எப்சிலானை நீட்டினால்
டெல்டாவோடு வந்து நிற்பாள், கேட்ட நொடியில்.

"பின்னத்தால் வகுக்கணுமா?
தலைகீழாக்கு, பெருக்கு."
எழுதினாள். எல்லோரும் எழுதினார்கள்.
டார்ல் கடாட் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தான்.
"வகுத்தா குறையணும்ல, மிஸ்?
ஆறை முக்காலால வகுத்தா எட்டு வருது.
கூடுதலா ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் விதியை மறுபடி சொன்னாள், சற்று மெதுவாக.
அவன் கேள்வியை மறுபடி கேட்டான், சற்று மெதுவாக.
பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

நான் தாளைப் பார்த்தேன்.

பெருக்கல் நேர்மாறு, புலம், மெய்கோள்:
சொற்கள் வாய்வரை வந்தன.
பதினொரு வயதுக் காதுக்குள் நுழையும்படி
ஒன்றுகூட இல்லை.
சொற்களை விலக்கிவிட்டுக் காலால் துழாவினேன்.
தரை தட்டுப்படவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ஹீட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடி என் மூச்சால் மங்கியது.
விரலால் ஆறு கட்டங்கள் வரைந்தேன்.
ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்தேன்: இருபத்துநான்கு.
மும்மூன்றாக வளைத்தேன்: எட்டு.
நாலால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறேன்.
எதுவும் தலைகீழாகக் கவிழவில்லை,
விரல் நடந்தது, அவ்வளவுதான்.
எனக்கு வயது நாற்பத்தொன்பது.
இருபத்தோரு வருடமாக
ஆசிரியர்களை உருவாக்குகிறேன் என்று சம்பளம் வாங்குகிறேன்.

மறுநாள் மார்னி அதையே பலகையில் வரைந்தாள்.
டார்ல் தலையாட்டினான்.
"மொதல்லயே இப்படிச் சொல்லிருக்கலாமே."
சற்றுநேரம் கழித்து:
"ஏழை முக்காலால வகுத்தா
ஒன்பது கட்டு போக ஒரு துண்டு மிச்சம்.
அது காலா, மூணுல ஒண்ணா?"

இருபத்துநான்காம் கட்டத்துக்குக் கீழே
வெற்றிடத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

துறைக் கூட்டத்தில்,
ஆசிரியராகப் போகிறவர்களுக்கு
இடவியலை எடுத்துவிட்டு
பள்ளிக்கூடக் கணக்கைப் பள்ளிக்கூடத்திலேயே வைப்போம் என்றேன்.
தரம் போய்விடும் என்றார் வென்டல் ஓஸ்ட்ராம்.
அது கல்வியியல் துறையின் வேலை என்றார் ஒருவர்.
கல்வியியல் துறையோ
கணக்கு உங்கள் வேலை என்று முன்பே எழுதியிருந்தது.
இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு நடைபாதை உண்டு.
பனிக்காலத்தில் அதை யாரும் வழிப்பதில்லை.

வாதாடிப் பார்த்து அலுத்து
டார்லின் மிச்சத் துண்டை மேசையில் வைத்தேன்.
ஆறு பேர் கால் என்றார்கள்.
ஐந்து பேர் மூன்றில் ஒன்று என்றார்கள்.
இரண்டும்தான், என்றார் ஓஸ்ட்ராம் கடைசியில்,
எதை ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது,
அதை எப்படி ஒரு சிறுவனிடம்,
சாக்பீஸ் இருக்கிறதா?

இடவியல் தப்பியது.
ஒரே ஒரு கிரெடிட் கிடைத்தது, சோதனை முறையில், வியாழன்தோறும்.
அந்த வருடம் அனுப்பிய பதினொரு பேரில்
நாலு பேர் ஏற்கெனவே பள்ளியை விட்டுவிட்டார்கள்.
ஒருவன் காப்பீடு விற்கிறான்.
ஒரு கிரெடிட் அதைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை.

தாளில் இப்போதும் இருபத்துநான்கு கட்டங்கள்தான்.
புதிதாக அச்சடிக்க
அடுத்த நிதியாண்டு வரட்டும் என்கிறது அலுவலகம்.
அதுவரை கையால் எழுதுகிறேன், ஒவ்வொரு தாளிலும்:
பதில் தெரியாத கேள்வி எது வந்தது?
அந்த வரி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.

போன வியாழன்,
குட்டி நாற்காலியில் ஆறடி இரண்டங்குலத்தை மடித்துக்கொண்டு
ஓஸ்ட்ராம் உட்கார்ந்திருந்தார்.
பாதிப் பாடத்தில்
கை தூக்கினார்.